கருக்கலுக்குச் சாட்சி

ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் சொல்வதற்காக ஒருத்தி இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து தில்லிக்குப் போக வேண்டியிருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். தம்பி சண்முகத்தின் கடிதம் அதற்குத்தான் கூப்பிட்டது.

"அக்கா, அரைப் பரீட்சை லீவு விட்டதும் புறப்பட்டு வா. உன் புலவர் பட்டச் சான்றிதழையும் வீட்டில் இருக்கிற பெரிய அகராதியையும் மறக்காமல் எடுத்துக்கொள். இங்கே கோர்ட்டில் 'கருக்கல்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படுகிறது. நம் பக்கத்து ஆளாக இருக்க வேண்டுமாம். அந்த ஒரு வார்த்தையால் ஒரு மனுஷன் இரண்டு மாதமாக ஜெயிலில் இருக்கிறான்."

நான் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. அதுவரை சென்னையைத் தாண்டியதில்லை. லீவுக்கு மேல் இரண்டு நாள் அனுமதி கேட்டபோது தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரே ஒரு வார்த்தைக்கா?" என்றார். "ஒரே ஒரு வார்த்தைக்குத்தான்" என்றேன். எண்பத்தொன்றாம் வருடம், டிசம்பர் மாதம்.

ரயில் ஆந்திராவைக் கடந்ததும் காப்பி என்று கூவும் குரல் நின்று போயிற்று. அதற்கப்புறம் மண் கோப்பையில் இஞ்சித் தேநீர், தொன்னையில் பூரியும் உருளைக்கிழங்கும். காரம் நாக்கில் படவே இல்லை. ஆனால் பசிக்கு நன்றாக இருந்தது. எதிர் இருக்கையில் இருந்த வடநாட்டுச் சிப்பாய் ஒருவர் என் மடியில் இருந்த தடித்த புத்தகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, வேதப் புத்தகமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "இல்லை, இதில் எங்கள் மொழியின் வார்த்தைகள் எல்லாம் இருக்கின்றன" என்றேன். அவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது கீழே இருக்கக் கூடாது என்று தன் டிரங்குப் பெட்டியின் மேல் கம்பளியை விரித்து வைத்தார். அந்த அகராதிக்கு எங்கள் ஊரில்கூட யாரும் அவ்வளவு மரியாதை செய்ததில்லை.

ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். காத்திருந்து பார்த்த சண்முகம் ஆபீசுக்குப் போய்விட்டான். நானே பஸ் ஏறினேன். ஆர்.கே.புரத்தில் வீடுகளைச் செக்டர் எண் வைத்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டும். ஏழுக்கு இந்தியில் 'சாத்' என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள், கண்டக்டர் அதட்டிக் கேட்டதும் 'ஆட்' என்று சொல்லித் தொலைத்தேன். எட்டில் இறக்கிவிட்டார். கையில் பெட்டி, இடுப்பில் அகராதி, நான்கு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த மஞ்சள் கட்டடங்கள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு குன்றும் அதன்மேல் கோபுரமும் தெரிந்தன. அங்கே போனால் தமிழ் கேட்கும் என்று நம்பி நடந்தேன். அடிவாரத்திலேயே கேட்டுவிட்டது. "செருப்பை இங்க விடாதீங்கோ, நாய் தூக்கிண்டு போயிடும்" என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த அம்மாளே வழி காட்டினார்.

சண்முகத்தின் வீட்டில் இரண்டு அறை. அதில் ஒரு கட்டிலில் காய்ச்சல்காரரைப் போல எதையோ பஞ்சு ரஜாய் போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பதறிக் கேட்டேன். தம்பி மனைவி பார்வதி சிரித்தாள்.

"தோசை மாவு, அண்ணி. இந்தக் குளிர்ல போர்த்தி வெச்சாத்தான் பொங்கும். அதுவும் நாளைக்குத்தான்."

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் சண்முகம் விவரம் சொன்னான். அடுத்த வருடம் நடக்கப்போகும் பெரிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லி முழுவதையும் தோண்டிப் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு கட்டட வேலையில் மாடசாமி என்பவர் காவலாளி. சிமெண்டு கிடைக்காத காலம் அது. ஒருநாள் காலை சிமெண்டு அடுக்கியிருந்த கிட்டங்கியைத் திறந்தால் அறுபது மூட்டைகளைக் காணோம். முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மூட்டைகளை எண்ணிச் சரிபார்த்துப் பூட்டியதாகச் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்புறம் அங்கே இருந்தது மாடசாமி ஒருவர்தான். பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

விடிவதற்கு முன் தண்ணீர் பம்பு ஆளைக் கூட்டிவரச் சொல்லிச் சூப்பர்வைசர்தான் தன்னை அனுப்பினார் என்று மாடசாமி சொன்னதை யாரும் நம்பவில்லை. அவருடைய மனைவி செல்லத்தாய் கோர்ட்டில் சாட்சி சொன்னாள்: கருக்கலில் பால் வாங்கப் போனபோது, சூப்பர்வைசர் நின்று லாரியில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்தேன்.

"அச்சா, நல்ல சாட்சிதானே?" என்றான் சண்முகம். "ஆனா கோர்ட்டுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொன்னவர் கருக்கல்னா சாயங்காலம்னு சொல்லிட்டார். சாயங்காலம் ஏழு மணிக்கு முந்தி லாரி வர்றதும் போறதும் தினமும் நடக்கிறது. அவ பார்த்தது ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடுச்சு. பால் பூத்துல சாயங்காலமும் பால் தர்றாங்க, அதனால யாருக்கும் சந்தேகமே வரலை. நம்ம வக்கீல் நீலம்ஜி இலவசமா வாதாடுற பொண்ணு. நான்தான் அவங்ககிட்ட போய், எங்க ஊர்ல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தமும் உண்டுன்னு சொன்னேன். என்னை யார் நம்புவா? நான் கிளார்க். நீ புலவர்."

"உனக்கு அந்தப் பெண்ணை எப்படித் தெரியும்?"

"இந்த மாடிப்படியில ஆறு வீட்டுக்கும் அவதான் பால் வாங்கித் தர்றா. நாளைக்குக் காலையில வருவா, பேசிப் பாரு."

வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் பார்வதியின் ஸ்வெட்டரையும் தம்பியின் மப்ளரையும் சுற்றிக்கொண்டு படியிறங்கி நின்றேன். காலிப் பால் புட்டிகள் கிணுகிணுக்க, கம்பிக் கூடையோடு ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, காலில் ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு.

"நான் சண்முகத்தோட அக்கா. கோவில்பட்டிப் பக்கம்."

"தெரியும், டீச்சரம்மா. அய்யா சொன்னாக. இந்தக் கருக்கல்ல ஏன் எந்திரிச்சு வந்தீக? குளிரு ஆகாதுல்லா?"

நான் ஒன்றுமே கேட்காமல் அந்தச் சொல் தானாக வந்து விழுந்தது. காலை ஐந்து மணிக்கு. அதை எழுதிவைத்துக்கொள்ளக் கையில் தாள் இல்லாமல் போயிற்றே என்று இருந்தது.

அவளோடு நடந்தேன். சாலை முழுக்கப் பனிமூட்டம். விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்றன. கட்டட வேலை நடக்கும் இடத்தின் தகர வேலியை ஒட்டித்தான் அவள் வழி. வேலியில் ஓர் இடைவெளியில் நின்று காட்டினாள். கிட்டங்கியின் கதவு இருபது தப்படி தூரத்தில் இருந்தது.

"இங்கனதான் நின்னேன். எங்க வீட்டு அவுகளக் காணும், லாரி நிக்கி, மூட்டை ஏறுது. சரி, நமக்கென்னன்னு போயிட்டேன். எம் புருசனப் பிடிச்சிட்டுப் போன பொறவுதான் எனக்கு விளங்குச்சு."

"கோர்ட்டில் இதை அப்படியே சொன்னாயா?"

"அப்படியேதான் சொன்னேன். அந்தப் பெரியவரு இந்தியில சொன்னாரு. எனக்குத்தான் இந்தி கொஞ்சம் வருமே. சாயங்காலம்ங்கிறதுக்கு ஷாம் ஷாம்னு அவரு சொல்லயில, இல்லைங்கன்னு கத்துனேன். சும்மா இருன்னு போலீஸ்காரரு அதட்டிட்டாரு." கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் பொய் சொல்லியிருந்தாக்கூட இம்புட்டு வேகாது, டீச்சரம்மா. உண்மையச் சொல்லி அது பொய்யாப் போச்சே."

பால் பூத்தில் நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். வந்து நிற்க முடியாதவர்கள் செங்கல்லையும் காலிப் பையையும் இடம்பிடிக்க வைத்திருந்தார்கள். செங்கல்லுக்கும் ஆளுக்கு உள்ள அதே உரிமை. யாரும் அதைத் தாண்டிப் போகவில்லை. நான் ஒதுங்கி நின்று பக்கத்துக் கடையில் சூடான ஜிலேபியைப் பாலில் போட்டுத் தந்ததை வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் காலையில் பல் தேய்த்த வாயால் இப்படி ஒரு தித்திப்பைத் தின்றால் பைத்தியம் என்பார்கள். அந்தக் குளிரில் அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் லக்ஷ்மிபாய் நகருக்குப் போனேன். கோர்ட்டில் மொழிபெயர்த்த வைத்தியநாதன் அங்கேதான் மகனோடு இருந்தார். ஏதோ ஓர் அமைச்சகத்தில் முப்பது வருடம் ஸ்டெனோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவர், காவிரிக்கரைக்காரர். கோர்ட் கூப்பிட்டனுப்பினால் போய்த் தமிழ் சாட்சிகளுக்கு மொழிபெயர்த்துத் தருவார். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் உரிப்பதை நிறுத்தினார்.

"என் தமிழ்ல தப்புன்னு சொல்ல கோவில்பட்டியிலேர்ந்து வந்திருக்கேளா?"

"தப்புன்னு சொல்லலை, சார். உங்க ஊர்ல அந்தச் சொல்லுக்கு..."

"எங்க ஊர்ல கருக்கல்னா சாயங்காலம். எங்க அப்பா சொன்னார், நான் சொல்றேன். முப்பது வருஷம் மந்திரிகள் பேசினதை எழுதினவன் நான். ஒரு கமா தப்பினதா யாரும் சொன்னதில்லை."

"அந்தம்மா சொன்ன முழு வாக்கியம் உங்களுக்கு நினைவு இருக்கா? கோர்ட்டுப் பதிவில் உங்கள் மொழிபெயர்ப்புதான் இருக்கு. அவள் தமிழில் சொன்னது எங்குமே இல்லை."

"எதையும் நினைவை நம்பி நான் மொழிபெயர்க்கிறதில்லை. சாட்சி பேசப்பேச ஷார்ட்ஹேண்ட்ல எடுத்துண்டுதான் சொல்வேன். நோட்டெல்லாம் உள்ளே இருக்கு." சொல்லிவிட்டு வாயை இறுக்கிக்கொண்டார். "ஆனா, எனக்குப் புத்தி சொல்ல ஒருத்தர் வந்து நான் நோட்டைப் புரட்டணும்னு அவசியமில்லை. நாழியாறது, பஸ் கூட்டமாயிடும். ஜாக்கிரதையாப் போங்கோ."

பட்டாணியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் நிற்கும்போது, அவர் வெறுப்பில் பேசவில்லை, பயத்தில் பேசினார் என்று பட்டது. முப்பது வருடத்துப் பெயரை ஒரு வார்த்தையில் இழக்க யாருக்கு மனசு வரும்?

மூன்றாம் நாள் விசாரணை. அன்றைய பனிமூட்டத்தில் எதிர்வீடு தெரியவில்லை. பஸ் வரவே இல்லை. சண்முகம் அரைமணி நேரம் கைகாட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினான். டிரைவர் வயதான சர்தார்ஜி. பாதி வழியில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. சண்முகம், "சர்தார்ஜி, ஜல்தி, கோர்ட்டுக்கு நேரமாச்சு" என்று கெஞ்சினான். என்ன கேஸ் என்று கேட்டார் சர்தார்ஜி. அப்பாவி ஆள் ஒருவர் ஜெயிலில் இருக்கிறார் என்றதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தன் தாடியை ஒதுக்கிவிட்டு ஒரு பழந்துணியால் துடைத்து, ஊதி, திரும்பப் போட்டு, உதைத்தார். பிடித்துக்கொண்டது. அப்புறம் அந்த மூட்டத்துக்குள் அவர் ஓட்டிய வேகத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

கோர்ட் என்று நான் மனத்தில் கட்டிவைத்திருந்தது பெரிய மண்டபம். இது எங்கள் பள்ளி வகுப்பறை அளவுதான். மாஜிஸ்திரேட் மப்ளர் சுற்றிய நரைத்த மனிதர். காலடியில் மின்சார அடுப்பு ஒன்று சிவந்துகொண்டிருந்தது. ஓரமாக இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே மாடசாமி நின்றார். செல்லத்தாய் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

நீலம்ஜிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "பயப்படாமல் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். நானும் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சாட்சி சொன்னேன். பட்டத்தைக் காட்டினேன். அகராதியை விரித்து வாசித்து மொழிபெயர்த்தேன்: கருக்கல், சூரியன் உதிக்கும் முன்னும் மறைந்த பின்னும் உள்ள மங்கல் வேளை.

அரசு வக்கீல் எழுந்தார். "அப்படியானால் காலையும் அதுதான், மாலையும் அதுதான். இந்த அம்மையார் இரண்டாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வந்து, அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லை என்று நிரூபித்திருக்கிறார்."

அறையில் சிரிப்பு எழுந்தது. என் முகம் காந்தியது. முப்பது பெண்கள் முன்னால் பாடம் நடத்தும்போது வரும் கோபம் எனக்கு அங்கே வந்துவிட்டது.

"அர்த்தம் இருக்கிறது, ஐயா. வைகறை, விடியல் என்று காலைக்குத் தனியாகச் சொற்கள் வைத்திருக்கிறோம். அந்தி, மசங்கல் என்று மாலைக்கும் தனியாக வைத்திருக்கிறோம். கருக்கல் மணியைச் சொல்லும் சொல் அல்ல. வெளிச்சத்தைச் சொல்லும் சொல். உருவம் தெரியும், முகம் தெரியாது. அந்த வெளிச்சத்துக்கு எங்கள் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது. அது எந்தப் பக்கத்து வெளிச்சம் என்பது கூட வரும் பேச்சில் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் யாரும் இதில் குழம்பியதில்லை."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "ஜுட்புடா" என்றார்.

அரசு வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

"என் தாயார் சொல்லும் வார்த்தை" என்றார் மாஜிஸ்திரேட். "எங்கள் கிராமத்தில் விடிவதற்கு முன்னாலும் ஜுட்புடா, விளக்கு வைக்கும் நேரமும் ஜுட்புடா. நாங்களும் குழம்பியதில்லை. இந்த அம்மா சொல்வது எனக்குப் புரிகிறது." அப்புறம் என்னைப் பார்த்தார். "ஆனால் கூட வந்த பேச்சு என்ன? அது பதிவில் இல்லையே. சாயங்காலம் பால் வாங்கப் போகையில் பார்த்தேன் என்று ஒற்றை வரிதான் இருக்கிறது. இப்போது இந்தப் பெண்ணைக் கேட்டால், கற்றுக்கொடுத்துச் சொல்கிறாள் என்பார்கள்."

அதுதான் உண்மை. நீலம்ஜி தன் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள், அவற்றில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தே.

அப்போது பின் பெஞ்சில் ஒருவர் எழுந்து நின்றார். மங்கி கேப், கோட்டு, கையில் சுருள் கம்பி போட்ட நோட்டு. அவர் எப்போது வந்தார் என்று நான் பார்க்கவில்லை.

"கனம் கோர்ட்டார் அனுமதித்தால், அந்த வாக்கியம் என்னிடம் இருக்கிறது" என்றார் வைத்தியநாதன் ஆங்கிலத்தில்.

அவரைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். நோட்டைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கோடுகளையும் புள்ளிகளையும் விரலால் தடவிக்கொண்டே தமிழில் வாசித்தார். அவர் வாயிலிருந்து அவருடைய தமிழ் வரவில்லை, செல்லத்தாயின் தமிழ் வந்தது.

"கருக்கல்ல புட்டியத் தூக்கிட்டுப் போறேன். லாரி நிக்கி. மூட்டை ஏத்துதாக. சூப்பரவைசரு நிக்காரு. பாலை வாங்கிட்டுத் திரும்பி வாரேன், நல்லா வெளுத்துருச்சு. லாரியக் காணும்."

பிறகு அதை ஆங்கிலத்தில் சொன்னார். 'வெளுத்துருச்சு' என்பதற்கு, பொழுது விடிந்துவிட்டது என்றார்.

அரசு வக்கீல் கேட்டார்: "அப்படியானால் அன்றைக்கு ஏன் அந்த இரண்டாவது பகுதியைச் சொல்லவில்லை?"

வைத்தியநாதன் நோட்டை மூடினார். பிறகு மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னார்.

"நான் முதலில் சாயங்காலம் என்று சொல்லிவிட்டேன். அடுத்து அவள் சொன்னது அதோடு ஒத்துப்போகவில்லை. சுருக்கமாகச் சொல், சுருக்கமாகச் சொல் என்றும் அவசரப்படுத்தினார்கள். நான் சொன்னதை வைத்துக்கொண்டு அவள் சொன்னதை விட்டுவிட்டேன். படிக்காத பெண், ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தேன். உளறியது நான்தான். நேற்று இந்த அம்மா கேட்டபோதுகூட நோட்டைத் திறக்க மாட்டேன் என்றேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, திறந்து பார்த்தேன். ஷார்ட்ஹேண்ட் காதில் விழுந்ததைத்தான் எழுதும். அதற்கு ஊர் கிடையாது. எனக்குத்தான் ஊர் இருந்தது."

யாரும் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோர்ட்டில் நான் பேசியது பெரிய விஷயமே இல்லை. புத்தகத்தில் இருப்பதை வாசித்தேன். அவர் தன் பெயரைத் தானே கொண்டுவந்து அங்கே இறக்கி வைத்தார்.

செல்லத்தாயை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். இம்முறை மொழிபெயர்க்க நான். அரசு வக்கீல் விடுவதாக இல்லை.

"முகம் தெரியாத வெளிச்சம் என்று உங்கள் தமிழாசிரியையே சொல்கிறார். அப்புறம் நிற்பது சூப்பர்வைசர் என்று எப்படித் தெரிந்தது?"

என் பெருமைப் பேச்சே அவள் காலை வாரிவிட்டதே என்று நினைத்தேன். மொழிபெயர்த்தேன். செல்லத்தாய் யோசிக்கவே இல்லை.

"மூட்டைய மெதுவா ஏத்துதானுகன்னு வஞ்சாரு. நாலு வருசமா அந்த வாயில வசவு வாங்குதோம். முகத்தப் பாத்தாத்தான் தெரியணுமா?"

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அந்த வேகத்திலேயே மாஜிஸ்திரேட்டுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். மீசைக்குள் சிரித்தார். பிறகு பால் பூத்தில் வீட்டுக்கொன்றாக வரும் பால் அட்டையைச் சரிபார்த்துப் பால் கொடுக்கும் கல்லூரி மாணவரை வரவழைக்கச் சொன்னார். அவர் நீலம்ஜியின் ஏற்பாட்டில் வெளியேதான் நின்றிருந்தார். இந்த அம்மா கொண்டுவரும் ஆறு அட்டைகளும் காலைப் பாலுக்கானவை, சாயங்காலம் இவளைப் பார்த்ததே இல்லை என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போனார்.

வாக்குமூலத்தைத் திருத்தி எழுதும் வேலை வந்தது. கோர்ட் எழுத்தர், கருக்கலுக்கு என்ன போடட்டும் என்று கேட்டார். சூரிய உதயத்துக்கு முன் என்று போடலாமா?

"வேண்டாம்" என்றார் மாஜிஸ்திரேட். "ஒருமுறை மொழிபெயர்த்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே போடுங்கள். விளக்கம் பக்கத்தில் இருக்கட்டும்."

தமிழில் எழுதும் பகுதியை என்னிடம் தந்தார்கள். எழுதி முடித்து, கையெழுத்துக்கு முன் செல்லத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். "கருக்கலில் பால் புட்டிகளை எடுத்துக்கொண்டு சென்றேன். திரும்பி வருகையில் நன்றாக வெளுத்துவிட்டது."

செல்லத்தாய் தலையை ஆட்டினாள். "நான் அப்படிச் சொல்லலையே, டீச்சரம்மா."

"அதேதானே எழுதியிருக்கிறேன்?"

"வெளுத்துருச்சுன்னுல்லா சொன்னேன். நீங்க நல்லாத்தான் எழுதியிருக்கீக, ஆனா அது உங்க பேச்சு. எம் பேச்ச எழுதுங்க. நாளைக்கு ஒருத்தரு வந்து, இவ இப்படியெல்லாம் பேசுற ஆளா, யாரோ சொல்லிக் குடுத்ததுன்னு சொல்லிப்புட்டா?"

புலவர் பட்டம் வாங்கிய பிறகு என் தமிழை யாரும் திருத்தியதில்லை. நான் திருத்திய தாள்களோ ஆயிரக்கணக்கு. ஒரு சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கணவன் பார்த்திருக்க, பால் வாங்கும் ஒருத்தி என் வாக்கியத்தை அடித்து எழுதச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி. வேறு தாள் கேட்டு வாங்கி, வைத்தியநாதனின் நோட்டிலிருந்து அவர் வாசிக்க வாசிக்க, ஓர் எழுத்து மாறாமல் எழுதினேன். 'நிக்கி' என்று எழுதினேன், 'ஏத்துதாக' என்று எழுதினேன். என் கை கூசவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. மறுபடி வாசித்தேன்.

"ஆமா, இதுதான் நான் சொன்னது" என்றாள் செல்லத்தாய். கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தமாக வைத்தாள்.

மாடசாமிக்கு அன்றே ஜாமீன் கிடைத்தது. ஜாமீன் கையெழுத்துப் போட அரசு உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் வேண்டும் என்றதும் சண்முகம் முன்னால் போனான். அவனுக்கு முன்பே வைத்தியநாதன் தன் மகனைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார். காகிதங்கள் முடிந்து வெளியே வந்தபோது மூட்டம் விலகி மத்தியான வெயில் அடித்தது. கோர்ட் வாசலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு எலுமிச்சையும் மசாலாவும் தூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நின்று சாப்பிட்டோம். மாடசாமி இரண்டு மாதத்தில் சிறுத்துப் போயிருந்தார். யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியாமல் கிழங்கு வைத்துத் தந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றவர், கடைசியில் மனைவியிடம், "நீ இம்புட்டுப் பேசுவன்னு எனக்குத் தெரியாது" என்றார். "கேட்டாத்தான பேசுறதுக்கு" என்றாள் அவள்.

வைத்தியநாதன் என்னைத் தனியே அழைத்துப் போய், அகராதியைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "உங்க பக்கத்துல சாயங்காலத்துக்கு மசங்கல்னா சொல்வேள்? எழுத்து எப்படி?" என்று கேட்டு, கோட்டுப் பையிலிருந்து பேனா எடுத்துத் தன் நோட்டின் பின்னட்டையில் குறித்துக்கொண்டார். அந்த வயதில் அவர் குனிந்து எழுதியதைப் பார்த்தபோது, என் மாணவிகள் யாரிடமும் நான் காணாத கவனம் அதில் இருந்தது.

நான் ஊருக்குத் திரும்பிப் பள்ளி திறந்தது. தலைமையாசிரியை, "என்னம்மா, வார்த்தை ஜெயித்ததா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கும் சொன்னேன். அன்றிலிருந்து கட்டுரை நோட்டில் அவர்கள் வீட்டுச் சொல் ஒன்றைப் பார்த்தால் சிவப்பு மையை உடனே எடுப்பதில்லை.

பங்குனியில் சண்முகத்தின் கடிதம் வந்தது. மாடசாமியை விடுதலை செய்துவிட்டார்கள். சூப்பர்வைசர்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். மாடசாமிக்கு வேறொரு கட்டடத்தில் காவல் வேலை கிடைத்திருக்கிறது. சூப்பர்வைசரின் ஆட்கள் இரண்டொருவர் செல்லத்தாயை வழிமறித்து, இந்த வேலிப் பக்கம் இனி உன்னைப் பார்க்கக் கூடாது என்று மிரட்டினார்களாம். பால் பூத்துக்கு வேறு வழி உண்டு, கொஞ்சம் சுற்று. பார்வதியும் மற்ற வீட்டுக்காரர்களும் அந்த வழியாகவே போ, தாமதமானாலும் பரவாயில்லை என்று சொல்லிப் பார்த்தார்களாம்.

செல்லத்தாய் கேட்கவில்லை. காலையில் கருக்கலோடு எழுந்து, புட்டிகள் கிணுகிணுக்க, அதே வேலியோரமாகத்தான் போகிறாளாம்.